பதினொரு கதவு வீடு

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குத் தச்சரின் தோளில் ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது.

சின்ன வீடுதான், ஆனால் கனம் பெரிய வீட்டின் கனம். முழுக்க நல்ல மரம். மாடி, மாடிக்கு வளைந்து ஏறும் பதினாலு படி, கைப்பிடிச் சுவர், பதினொரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் கீல், ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள். ஒரு எறும்புக் குடும்பம் குடியேறினால் திருட்டு பயமில்லாமல் ஏழு தலைமுறை வாழலாம். தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வழிவிட்டன. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "என்ன தச்சரே, வீட்டையே காலி பண்ணிட்டீங்களா?" என்றார். தச்சர் பதில் சொல்லவில்லை. பெருமை தொண்டைவரை நிறைந்திருக்கும்போது வாயைத் திறந்தால் சிந்திவிடும்.

பின்னால் அவர் மகள் பட்டாணி நடந்தாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. உருண்டையாக இருந்து, எங்கே வைத்தாலும் உருண்டு ஓடிவிடுவதால் அந்தப் பெயர். இன்றைக்கு உருளவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முதுகைப் பார்க்காமல் நடந்தாள்.

நடந்தது இதுதான். போன வாரம் டீச்சர் எல்லாப் பிள்ளைகள் நோட்டிலும் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார். 'என் வீடு. வீட்டில் கிடைக்கும் அட்டை, பெட்டி, துணி கொண்டு பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும். பெற்றோர் கை வைக்க வேண்டாம்.' பட்டாணி ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, கத்தரியால் வெட்டி, மூன்று நாள் பாடுபட்டு ஒரு வீடு செய்தாள். தச்சர் அதைப் பார்த்தார். சுவர் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாசலில் மட்டும் ஒரு அட்டைக் கதவு. உள்ளே மூன்று இடத்தில் கந்தல் துணி தொங்கியது.

"என்னம்மா இது?"

"நம்ம வீடு."

"தச்சன் பொண்ணு செஞ்ச வீடுன்னு இதைக் கொண்டுபோனா என் உளியெல்லாம் தற்கொலை பண்ணிக்கும்."

"டீச்சர் பெரியவங்க கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்கப்பா."

"கை வைக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? உளி வைக்கக் கூடாதுன்னு போடலையே?"

செருப்புப் பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போனது. அவர் பட்டறையில் உட்கார்ந்து, வந்த வேலையெல்லாம் தள்ளிவைத்து, நாலு நாளில் இந்த மாளிகையை எழுப்பினார்.

வகுப்பில் தரையெல்லாம் வீடுகள். பிஸ்கட் பெட்டி வீடு, சோப்பு அட்டை வீடு, மழையில் நனைந்து கூரை உள்ளே விழுந்த வீடு. சுவரில் ஒரு கயிறு கட்டி, தினமும் ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்து, சூரியனோ மேகமோ ஒட்ட வேண்டும். ஒன்பது நாளாக மேகமே ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் தச்சர் தன் மாளிகையை இறக்கினார். இருபத்தேழு பிள்ளைகளும் 'ஓ' என்று கத்தியதில் கயிற்றில் இருந்த மேகம் ஒன்று உதிர்ந்தே போனது.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாரு செஞ்சது?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள்.

"நான் சும்மா பசை மட்டும் தடவினேன் டீச்சர்," என்றார் தச்சர்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். ஒரு குட்டி நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னார். முழங்கால் இரண்டும் காதுக்கு வர, தச்சர் உட்கார்ந்தார். பிள்ளைகள் கதவுகளைத் திறந்து மூடித் திறந்து மூடி எண்ணினார்கள். அதில் ஒருத்தி பல் டாக்டரின் மகள். அப்பா ஊருக்கே பல் கட்டுகிறவர், மகளுக்கு முன்னால் இரண்டு பல் இல்லை. ஓட்டைப்பல் என்றுதான் வகுப்பே கூப்பிடும். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தச்சரிடம் வந்தாள்.

"அங்கிள், உங்க வீட்ல நெஜமாவே பதினொரு கதவா?"

இங்கேதான் மனுஷர் 'சும்மா விளையாட்டுக்குச் செஞ்சதும்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், கதை முடிந்து எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இருபத்தேழு ஜோடிக் கண்கள். பெரியவர்கள் யாரும் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கதவு எப்போ வரும் என்றுதான் பார்ப்பார்கள்.

"பின்ன?" என்றார் தச்சர்.

ஒரே ஒரு வார்த்தை. தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு.

"டீச்சர்! முதல்ல இவங்க வீட்டுக்குப் போலாம்!" என்று ஓட்டைப்பல் கத்தினாள். "போலாம், போலாம்!" என்று கூரை பறந்தது.

அப்போதுதான் தச்சருக்கு சீட்டின் பின்பக்கம் என்று ஒன்று இருந்ததே தெரிந்தது. செய்த வீட்டை வைத்து நிஜ வீட்டைப் போய்ப் பார்ப்பதாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வீடு. கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, படி எத்தனை என்று பார்த்து, எண்ணி, நோட்டில் எழுத வேண்டும்.

"உங்களுக்கு வசதிப்படுமா?" என்றார் டீச்சர்.

தச்சர் எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு கூடவே எழுந்தது.

தச்சரின் வீட்டில் கதவு ஒன்று. வாசல் கதவு. அது ஒன்றும் அவர் செய்ததல்ல, முன்பு இருந்தவர் விட்டுப்போனது. சமையல்கட்டுக்கும் உள்ளறைக்கும் குளியலறைக்கும் நிலை மட்டும் அவர் கையால் அழகாக நிறுத்தியிருந்தார், கல்யாணமான புதுசில். கதவு அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. மூன்று நிலையிலும் திரை தொங்கியது. அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். யாரும் வாங்க வராத போர்வைகளைக் கிழித்துத் தைத்த திரை.

குளியலறைக்குக் கதவில்லாத வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருக்கிறவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தச்சர் விசிலடிப்பார். மனைவி பாடுவாள், அவள் குளிக்கிறாள் என்பது அடுத்த தெருவுக்குத் தெரியும். பட்டாணி வாய்ப்பாடு சொல்வாள். இரண்டாம் வகுப்பில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான். தலைக்குக் குளிக்கிற நாளில் பதினாறைத் தொட்டுவிடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி கடையிலிருந்து வந்து வாசலில் அப்படியே நின்றாள். சமையல்கட்டுக்கு ஒரு கதவு. உள்ளறைக்கு ஒரு கதவு. தச்சர் குளியலறை நிலையில் முட்டிபோட்டு மூன்றாவது கதவின் கீலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். வாயிலே நாலு திருகாணி.

"இது யாரு வீட்டுக் கதவு?"

"ம்ம்ம்."

"வாயில இருக்கிறதைத் துப்பிட்டுச் சொல்லுங்க."

துப்பினார். "பல் டாக்டர் வீட்டுது. சனிக்கிழமைதான் குடுக்கணும். ஒரு நாள் இங்க இருந்தா கதவுக்கு என்ன, ஜுரமா வந்துடும்?"

"அளவு எப்படிங்க சரியா இருக்கு?"

"என் கைக்கு ஒரே அளவுதான் வரும். எந்த வீட்டுக்குப் போட்டாலும் இந்த நிலைதான்."

அவள் கையில் இருந்த பன் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். வார்னிஷ் அடிக்காத மரம், ஈரமும் பசையும் கலந்த வாசனை. இழைத்த பக்கம் வழவழவென்றிருந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு கதவுக்குமா? ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரை மணி நேரம்," என்றாள் அவள். "பதினோரு வருஷமா நான் பாடிக்கிட்டே குளிக்கிறேன். ஜலதோஷம் வந்தப்பகூடப் பாடினேன். பட்டாணி வயித்துல இருந்தப்போ மூச்சு வாங்க வாங்கப் பாடினேன். ரெண்டரை மணி நேர வேலைதானா இது?"

தச்சர் திருகாணியைத் தேடுவதுபோலத் தரையைத் தடவினார். திருகாணி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"பசங்க முன்னாடி பட்டாணி பொய் சொல்லிட்டான்னு ஆகிடக் கூடாது பாரு," என்றார், மெதுவாக.

"அவ எங்கங்க சொன்னா? நீங்கதானே சொன்னீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"டாக்டர் வீட்டுப் பொண்ணும் நாளைக்கு வருதே?"

"சின்னப் பொண்ணு. கதவைப் பார்த்தா யாரு வீட்டுதுன்னு எப்படித் தெரியும்? கதவு என்ன, கூப்பிட்டா வாலை ஆட்டுமா?"

"மாடிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

தச்சர் அதற்கும் வழி வைத்திருந்தார். வெளிச்சுவரில் ஓர் ஏணியைச் சாய்த்துவைத்தார். மாடி வேலை நடக்கிறதாம்.

பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று கதவையும் பார்த்தாள். ஒவ்வொன்றையும் ஒருதரம் திறந்து, ஒருதரம் மூடினாள். அலமாரி உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு டீயில் பன்னை நனைத்துத் தின்றாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. இருபத்தேழு குடைகள் தெருமுனையில் திரும்பியபோது ஏதோ காளான் தோட்டமே கிளம்பி வருவதுபோல இருந்தது. டீச்சர் முன்னால், கையில் விசில். வாசலில் இருபத்தேழு ஜோடிச் செருப்புகள் குவிந்தன. மனைவி முட்டை அவித்து, இரண்டாக வெட்டி, உப்பும் மிளகும் தூவித் தட்டில் அடுக்கியிருந்தாள். பிள்ளைகள் வீட்டுக்குள் புகுந்ததும் காற்றுக்குக்கூட உள்ளே இடமில்லை.

"சத்தம் போடாம எண்ணணும்," என்றார் டீச்சர். சத்தம் போட்டுக்கொண்டு எண்ணினார்கள்.

"வாசக் கதவு ஒண்ணு!"

"சமையல் கதவு ரெண்டு!"

"டேய், அது ஒண்ணுடா, மொத்தமாத்தான் ரெண்டு!"

"மூணு! பாத்ரூம் நாலு!"

"அங்கிள், மீதி ஏழு எங்க?"

"மேல," என்றார் தச்சர். ஏணியைக் காட்டினார். "வேலை நடக்குது."

ஒரு பையன் மழையில் எட்டிப்பார்த்து அண்ணாந்து, வாயில் மழைத்தண்ணி விழ, "மேல ஒண்ணுமே இல்லையே," என்றான்.

"அடுத்த வாரம்," என்றார் தச்சர். சமையல்கட்டில் ஒரு கரண்டி டமால் என்று விழுந்தது.

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். 'கதவு 4.' பென்சில் நுனி நாக்கில் பட, நாலு திசை கோணிக்கொண்டு, ஆனால் நாலு. தச்சர் மூச்சை விட்டார். அவ்வளவுதான், முட்டை தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் கதவைக் கழற்றிவிடலாம்.

"டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றாள் ஓட்டைப்பல்.

போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தச்சருக்கு அந்தச் சத்தம் இனித்தது. நல்ல தாழ்ப்பாள், அவரே பொறுக்கி வாங்கியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தடதடவென்று இடி.

"டீச்சர்! கதவு வரல!"

வார்னிஷ் அடிக்காத மரம் மழைக் காற்றில் உப்பும். தச்சு வேலை கற்றுக்கொள்ளப் போகிற முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி. தச்சர் ஓடிப்போய்த் தள்ளினார். கதவு நிலையைக் கவ்விக்கொண்டு, பதினோரு வருஷம் காத்திருந்தவள் பிடிபோல, விடமாட்டேன் என்றது.

உள்ளே அழுகை தொடங்கியது.

டீச்சர் கதவுக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றார். "பயப்படாத கண்ணு. அங்கிள் இப்போ திறந்துடுவாரு. நம்ம வகுப்புல என்ன பண்ணுவோம்? பயமா இருந்தா?"

"எதையாச்சும்... படிப்போம்," என்று விம்மல் வந்தது.

"அங்க ஏதாவது எழுதியிருக்கா? சோப்பு டப்பா இருந்தா எடுத்துப் படி பார்ப்போம்."

"சோப்பு டப்பா இல்ல. கதவுல எழுதியிருக்கு. பென்சில்ல."

தச்சரின் கை கைப்பிடியிலேயே நின்றது. செய்த கதவுக்கெல்லாம் உள்பக்கம் யாருக்கு, எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். கொடுக்கிற அன்றைக்குத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பார்.

"படிக்க வேண்டாம், இதோ திறந்துடுறேன்," என்றார்.

"படி கண்ணு, படி," என்றார் டீச்சர்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தார்கள். எதைக் கண்டாலும் விடமாட்டார்கள். கடைப் பலகை, பஸ்ஸின் பின்பக்கம், மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் உரக்கப் படித்து வீட்டாரின் உயிரை எடுக்கிற பருவம். உள்ளே அழுகை நின்றது. படிப்பு தொடங்கியது.

"ப... ல்... பல். டா... க்... டாக்... டர். டாக்டர். வீ... டு."

வெளியே இருபத்தாறு பிள்ளைகளும் உதட்டசைத்துக் கூடவே கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கு... ளி... ய... ல... றை." பிறகு, உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பைச் செய்த குரலில்: "டீச்சர்! இது எங்க வீடு! நான் எங்க வீட்டு பாத்ரூம்ல இருக்கேன்!"

தச்சர் தோளால் ஒரு இடி இடித்தார். நிலையின் பிடி விட்டுக் கதவு திறந்தது. ஓட்டைப்பல் ஈரக் கன்னத்தோடு வெளியே வந்து, அண்ணாந்து அவரையும், திரும்பிக் கதவையும் பார்த்தாள்.

"அங்கிள், இது எங்க கதவா?"

தச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க கதவுதான்," என்றாள் பட்டாணி. தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். "பின்ன?"

அவர் சொன்ன மாதிரியேதான். அதே இழுப்பு, அதே தாடை. அவர் கையால் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்ததுபோல அச்சு அசல். ஆனால் காது இரண்டும் சிவந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. தச்சர் தன் ஆயுளில் கோணலாக வந்த வேலை எத்தனையோ பார்த்திருக்கிறார். பிரித்துவிட்டு மறுபடி செய்துவிடுவார். இதை எங்கே பிடித்துப் பிரிப்பது?

அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால்தான் பிள்ளைகளின் உயரம் வந்தது.

"இல்லம்மா," என்றார் ஓட்டைப்பல்லிடம். "உங்க வீட்டுக் கதவுதான். நேத்துதான் மாட்டினேன். நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்துடும்."

"அப்ப சமையல் கதவு?"

"அதுவும் உங்களது."

"அந்தக் கதவு?"

"அதுவும்."

"ஏணி?" என்றான் வாயில் மழை விழுந்த பையன்.

"ஏணி எங்களுதுதான்."

"மேல என்ன அங்கிள் இருக்கு?"

"மேல ஆகாசம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பெரியவர்கள் என்றால் பின்னால் போய்ச் சிரிப்பார்கள். இதுகள் அதிசயமாக, ஒரு அனுதாபத்தோடு, அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தன. சமையல்கட்டு வாசலில் மனைவி தட்டோடு நின்றாள். அவளை மட்டும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"டீச்சர், நான் நாலுன்னு எழுதிட்டேனே!" என்று ஒருத்தி அலறினாள்.

"நானும்!"

"நான் பேனாவுல எழுதிட்டேன் டீச்சர்!"

"அழிச்சிட்டு, இருக்கிறதை எழுதுங்க," என்றார் டீச்சர்.

இருபத்தேழு பிள்ளைகளுக்கு எட்டு ரப்பர்தான் இருந்தது. கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருத்தர் நாலை அழிக்க அழிக்க அடுத்தவர் காத்திருந்தார். கரகரகர என்று வீடு முழுக்கத் தேய்க்கிற சத்தம். ஒரு பிள்ளை தாளே கிழியத் தேய்த்தது. ரப்பர்த் தூள் தரையில் உதிர்ந்து, தச்சரின் காலடிவரை வந்தது. எத்தனை மரத்தூளில் நின்றவர்; இந்தத் தூளில் கால் வைக்கக் கூசியது.

பேனாவில் எழுதியவன் மட்டும் நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக எழுதினான்: 1.

அவித்த முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டைப்பல் போகும்போது, "எங்க கதவு நல்லாத்தான் இருக்கு அங்கிள், ஆனா வரமாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள். குடைகள் தெருமுனையில் திரும்பின. பட்டாணியை டீச்சர் அன்றைக்கு அப்படியே வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

மனைவி பெட்டியைத் திறந்து, மடித்துவைத்திருந்த திரைகளை எடுத்து உதறினாள். தச்சர் பட்டாணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நோட்டைக் குடும்மா. ரப்பர் கிடைச்சுதா உனக்கு? அழிச்சிட்டியா?"

அவள் நோட்டை நீட்டினாள்.

தாளில் அழித்த தடமே இல்லை. சுத்தமாக, பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தாள். 'கதவு 1. திரை 3. மாடி 0.' கீழே சின்னதாக ஒரு படம்: நிலை, அதில் கோடு போட்ட போர்வை, போர்வைக்குக் கீழே இரண்டு பாதம்.

"எப்போ எழுதின இதை?"

"எல்லாரும் எழுதுனப்போதான்."

"அப்பவே ஒண்ணுன்னா எழுதின?" அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அப்புறம் ஏம்மா அந்தப் பொண்ணுகிட்ட எங்க கதவுன்னு சொன்ன?"

பட்டாணி அவரை ஏதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அது உனக்காகச் சொன்னேன்ப்பா. நோட்டுல தப்பா எழுதக் கூடாது."

தச்சர் திருப்புளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீலைக் கழற்றக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆனாலும் சாத்திக்கொண்டார். பல் டாக்டர் வீடு, குளியலறை என்று அவரே எழுதிய எழுத்து கண்ணுக்கு நேரே இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறையில் ஒரு மனுஷன் சத்தம் கொடுக்காமல் நின்றான்.

வெளியே மழை மட்டும் பேசியது.

"அப்பா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப சத்தம் குடுப்பா. அம்மா வந்துடப் போறா."

தச்சர் உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. நாக்கால் நனைத்துவிட்டு மறுபடி குவித்தார். மறுபடியும் காற்று.

கதவுக்கு அந்தப் பக்கம் பட்டாணி தரையில் உட்கார்ந்து சாய்ந்துகொள்கிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி, அவருக்காக ஆரம்பித்தாள்:

"ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்து நாலு..."